திரும்பி வந்த விமானங்கள்

ஐப்பசி முதல் வெள்ளி, இரவு.

நாளைக் காலை மைதிலி வேலைக்குத் திரும்புகிறாள். வடகிழக்கு மலைகளில் பத்துப் பேர் உட்காரும் சின்ன விமானத்தை ஓட்டுகிறாள் என் மகள்.

மத்தியானம், பாண்டி பஜாரில் வாங்கிய ஸ்வெட்டரின் விலைச்சீட்டை வெட்டக் கத்தரிக்கோல் தேடியவள் கையில் என் நோட்டு அகப்பட்டுவிட்டது. மலைகளில் விழுந்த சின்ன விமானங்களைப் பற்றிய செய்திகளைக் கத்தரித்து, மேகம், காற்று, அதிகச் சுமை என்று காரணவாரியாக அதில் ஒட்டி வருகிறேன். ஆறு வருஷமாக, அவளுக்குத் தெரியாமல்.

கோபிப்பாள் என்று பயந்தேன். மின்விசிறிக் காற்றில் படபடத்த பக்கங்களை அழுத்திப் பிடித்தபடி முழுவதையும் படித்தாள். பிறகு சிரித்தாள்.

"எனக்கு எந்தப் பக்கம்ப்பா ஒதுக்கி வெச்சிருக்கே?"

போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "மேகம் மூடிண்டா என்னம்மா பண்ணுவே?" என்றுதான் வந்தது.

"திரும்பிடுவேன். போன மாசம் மட்டும் மூணு தடவை. கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஒருத்தர் எறங்கற வரைக்கும் என்னைத் திட்டித் தீத்துட்டார். அதெல்லாம் பேப்பர்ல வராதுப்பா."

வராதுதான். ஆறு வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. இருந்தாலும் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டுமோ? தெரியவில்லை.

அடுத்த அறையில் தூங்குகிறாள். கண்ணை மூடினால் வெள்ளையாய் ஒரு பள்ளத்தாக்கு. மேகத்தின் விளிம்பில் சின்ன விமானம் ஒன்று ஒருக்களித்து, மெதுவாக, மிக மெதுவாகத் திரும்புகிறது. உள்ளே எல்லோரும் அவளைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். நன்றாகத் திட்டட்டும்.