கேட்டால் மட்டும் பதில்

டொரண்டோ
பிப்ரவரி 2001

அம்மாவுக்கு முரளி தெண்டனிட்டு எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா வெந்நீரில்தானே குளிக்கிறார்? நான் சௌக்கியம்.

போன வாரம் ஆபீசில் ஒரு சின்னக் கூத்து. எங்கள் கம்ப்யூட்டர்களையெல்லாம் கண்காணிக்க ஒரு மெஷின் உண்டு. ஒவ்வொன்றையும் அடிக்கடி 'நன்றாக இருக்கிறாயா?' என்று கேட்கும். நடுவில் காவலுக்கு ஃபயர்வால். இந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் போய்வரும்படி அதில் நான் ரூல் எழுதியிருந்தேன். யாரும் கேட்காமலே ஒரு கம்ப்யூட்டர் தானாக 'எனக்கு முடியவில்லை' என்று சொல்ல வேறு வழி திறக்க வேண்டும். மறந்துவிட்டேன். ஒன்றில் விசிறி நின்று சூடேறி, அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டபோதெல்லாம் 'இருக்கிறேன்' என்றதால் திரையில் எல்லாம் பச்சை. கடைசியில் கருகிப்போயிற்று. மானேஜர் திட்டினார். ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. அப்புறம் அந்த வழியைத் திறந்துவிட்டேன்.

நெற்றிக்கு இட்டுக்கொள்ள ஸ்ரீசூர்ணம் தீர்ந்துவிட்டது. சன்னதித் தெருவில் வாங்கி அனுப்பு. உப்பு நார்த்தங்காயும் கொஞ்சம் வை.

மானேஜர் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "சௌக்யமாடா?" என்பாய். நானும் "சௌக்யம்மா" என்பேன். உடனே வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் பேசாமல் லைனிலேயே இரு.

முரளி