சுதர்ஷினி பிழைத்துவிட்டாள்

மஸ்கெலியா,
ஞாயிற்றுக்கிழமை.

மகன் லோஜனுக்கு,

அம்மா எழுதுவது. நீ கொழும்பில் சுகமாகத்தான் இருப்பாய், அதனால் உன் நலம் கேட்கவில்லை. உன் பெண்சாதி பிழைத்துவிட்டாள். நீ முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். நீ கேட்டதோ, டாக்டர்கிட்ட ஏம்மா உண்மைய சொன்னீங்க என்று. நான் திட்டத் தொடங்கியதும் போனை வைத்தாய், பிறகு எடுக்கவே இல்லை. தன் கடைக்கு சாமான் எடுக்கக் கொழும்புக்கு வரும் நஸார் நானா இந்தக் கடிதத்தை உன் கையிலேயே கொடுப்பார்.

குவைத் வேலைக்கு மெடிக்கல் எடுக்க வேண்டும், வயிற்றில் பிள்ளை இருந்தால் ஏஜென்சிக்காரன் தள்ளிவிடுவான் என்று நீதானே சுதர்ஷினியைக் கருவைக் கலைக்க அந்த லாட்ஜ் மாடிக்கு அனுப்பினாய்? பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்டாயா? அவளே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நானே துணைக்குப் போயிருப்பேன். எனக்கும் மறைத்தீர்கள்.

அங்கே இருந்தவள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஏதோ செய்துவிட்டு எல்லாம் சரி என்று அனுப்பியிருக்கிறாள். ஒன்றும் சரியாகவில்லை, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. வீட்டில் படுத்தால் நான் கேட்பேன் என்று பயந்து, இரத்தம் நிற்காமலே மறுநாள் கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள். மலையில் விழுந்தவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கொதிக்கிறது, அப்போதும் வழுக்கி விழுந்துட்டேன் என்றே சொல்கிறாள். சொன்னால் பொலிஸ் பிடிக்கும் என்று நீ சொல்லிக்கொடுத்த பாடம். என் காதில் மட்டும் உண்மையைச் சொன்னாள். நான் டாக்டரிடம் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் சொல்வேன்.

அந்த லேடி டாக்டர் உடனே உள்ளே கொண்டுபோய் மிச்சத்தை உறிஞ்சி எடுத்தார். கொஞ்ச நேர வேலைதான். ஆரம்பத்துலயே, வேலை தெரிஞ்சவங்க சுத்தமான எடத்துல இப்படி செஞ்சா ஆபத்து ரொம்ப கொறைவும்மா, அநேகமா ஒரே தடவையில முடிஞ்சிரும், அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்ப ஏங்க டாக்டரம்மா எங்க புள்ளைக்கு அது கெடைக்கல என்று கேட்டேன். தாயோட உசுருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் சட்டம் விடுது என்றார். சாகக் கிடந்த பிறகுதான் நல்ல கை கிடைத்தது அவளுக்கு. அந்தச் சட்டத்தின் மேலும் எனக்கு ஆத்திரம்தான். உன் மேல் அதைவிட ஆத்திரம்.

ஏஜென்சிக்காரன் இன்னும் போன் பண்ணுகிறான். குவைத் போவதும் போகாததும் இனி அவள் இஷ்டம். உன்னோடு வாழ்வதும் அப்படித்தான். இதுவரை உன்னைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்றுக் கோயிலுக்குப் போனேன். தட்டை வாங்கிய ஐயர் வழக்கம்போல உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லத் தொடங்கினார். வேணாங்க சாமி, மருமக பேருக்கு மட்டும் அர்ச்சனை செய்ங்க என்றேன். நீ பிறந்ததிலிருந்து உன் பெயரை நான் விட்டது இதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமையும் போவேன். அதற்குள் வந்து அவள் முகத்தைப் பார்.

இப்படிக்கு,
சுதர்ஷினியின் மாமி
வேலாயி