வெளியிலிருந்து தட்டிய தாளம்

2021 மே 18, செவ்வாய்

மீன் ஏலத்தில் என் பக்கத்தில் நின்றவருக்குக் கொரோனாவாம். அதனால் இன்று முதல் வாசலில் கவிழ்த்துப் போட்ட படகுதான் என் மாளிகை. மகள் செல்விக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நெஞ்சில் சளி பசையாய்க் கட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இதுவும் ஒட்டினால்... வேண்டாம், எழுதவில்லை.

தினமும் அவள் முதுகில் தட்டிச் சளியை எடுப்பது நான்தான். இன்று மனைவி பூப்போலத் தட்டினாள். பொறுக்காமல் வெளியிலிருந்து படகைத் தட்டித் தாளம் காட்டினேன்.

"இன்னா நைனா, படகுக்கும் சளியா?" என்றாள் செல்வி.

அம்மாக்காரி சிரித்துக்கொண்டே என் தாளத்துக்குத் தட்டினாள். செல்வி நன்றாக இருமித் துப்பினாள். பெரிய டாக்டர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் என் தொண்டை கரகரத்தது. அவள் மறுபடி இருமும்வரை அடக்கிக்கொண்டிருந்து, அந்தச் சத்தத்தோடு சேர்த்து நானும் இருமினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை.