சிவப்புப் பிடி

டிராமன், மார்ச் 11

அன்புள்ள தார்யே,

உன் முட்டி எப்படி இருக்கிறது? வேறு எதை எழுதுவதற்கு முன்பும் இதைத்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது. போனில் அழைத்தால் நீ எடுப்பதில்லை. உன் தங்கை டோர்டிஸிடம் கெஞ்சித்தான் இந்த நியூசிலாந்து முகவரியை வாங்கினேன். அவள் மேல் கோபப்படாதே. காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாதே என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். மகள் குன்வோர் வேலை கிடைத்து பூடோ நகரத்துக்குப் போய்விட்டாள். கூரையில் இன்னும் அரை ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கிறது. உன் பழைய கூட்டாளி, என் புருஷன் ஹால்வோருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. போன இலையுதிர் காலத்தில் அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மறதி நோய் என்றார். ஐம்பத்தொன்பது வயதில் வருமா என்று கேட்டேன். வரும், சிலருக்கு வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும் என்றார்.

போன வாரம் அவனைக் கூட்டிக்கொண்டு ஹௌகஸ்தூல் மலைக்குப் போய்வந்தேன். நாம் மூன்று பேரும் இருபது வருடம் போன அதே சாலை. இந்தத் தடவை நான்தான் ஓட்டினேன். சாவியைக் கொடு என்று சண்டை போடுவான் என நினைத்தேன். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வழியில் கோல் ஊர்ப் பெட்ரோல் பங்கில் சாசேஜ் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். மூன்று வாங்கிவந்தான். உன்னுடையதையும் நானே தின்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காற்று பலமாக இருந்ததால் மேலே போகும் சாலையை மூடியிருந்தார்கள். மறுநாள் காலை காற்று நமக்குத் தோதாக இறங்கியது. குன்றின் அடிவாரத்தில் ஆளையே இழுத்துப்போகும் அந்தப் பெரிய பட்டத்தை அவன் விரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அது பறந்துவிடாமல் இறக்கையின் ஓரத்தில் பனியை அள்ளிப் போட்டான். நான்கு கயிறுகளையும் விரலிடுக்கில் விட்டுச் சிக்கெடுத்துக்கொண்டே நடந்தான். காலையில் சாக்ஸ் எந்தக் காலுக்கு என்று கேட்டவன், தார்யே, இவன்! பட்டம் எழும்பியது. சறுக்குக்கட்டைகளோடு அவனை இழுத்துக்கொண்டு சரிவில் ஏறியது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்து, காற்றை ஒரு மூச்சுகூட வீணாக்காமல் ஏறினான். கீழே நின்று கத்திச் சிரித்தேன். மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றுகூட அந்த நேரம் நினைத்தேன்.

அப்புறம் அவன் மேட்டைத் தாண்டிவிட்டான்.

கீழே நிற்பவர் கண்ணுக்கு மறையக் கூடாது என்பது நம் மூவரின் சட்டம். அதைப் போட்டவனே அவன்தான். மூச்சிரைக்க மேலே ஏறிப் பார்த்தேன். மறுபக்கப் பள்ளத்தில் காற்று தாறுமாறாகச் சுழன்றுகொண்டிருந்தது. பட்டம் விழுவதும் மறுபடி காற்றை அள்ளி அவனைத் தரதரவென்று இழுப்பதுமாக இருந்தது. கீழே பாறைகள்.

“சிவப்பைத் தள்ளு ஹால்வோர்! சிவப்பைத் தள்ளு!” என்று கத்தினேன்.

பட்டத்தை அறுத்துவிடும் அந்தச் சிவப்புப் பிடி அவன் நெஞ்சுக்கு நேராகத்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“எதைத் தள்ளணும்? எது சிவப்பு?” என்றான். பயப்படக்கூட இல்லை. வழி தெரியாதவன் கேட்பது மாதிரி மரியாதையாகக் கேட்டான்.

ஓடிப்போய் அவன் மேல் விழுந்து நானே தள்ளிவிட்டேன். பட்டம் துவண்டு பனியில் படுத்தது.

அங்கே, அவன் மேல் கிடந்தபடியே, எனக்கு எல்லாம் புரிந்தது தார்யே. இரண்டு வருடத்துக்கு முன் அவன் கயிறு உன் கயிற்றில் சிக்கியபோது, “தள்ளுடா, தள்ளித் தொலைடா!” என்று நீ அலறினாய். அவன் கையைக் கட்டிப்போட்டவன் மாதிரி பார்த்துக்கொண்டே நின்றான். உன் முட்டி உடைந்தது. “என்னைக் கொல்லவாடா பார்த்த?” என்று ஆம்புலன்ஸில் நீ கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை. திமிர் என்று நீ நினைத்தாய். நான் அதைவிட மோசம். குடித்திருந்தாயா என்று வீட்டில் மூன்று நாள் அவனைக் குடைந்தேன். தனக்கே தெரியாததை அவன் எப்படிச் சொல்வான்? அன்றே அவனை மருத்துவரிடம் கூட்டிப்போகாமல், ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தேன்.

பனியைத் தட்டிவிட்டு உட்கார வைத்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு, “தார்யே எங்க? முன்னாடி போயிட்டானா?” என்றான்.

நீ நியூசிலாந்தில் இருப்பதாகச் சொன்னேன்.

“அங்க காத்து எப்படியாம்? படுபாவி, என்னை விட்டுட்டுப் போயிட்டான் பாரு” என்று சிரித்தான்.

திரும்பி வரும்போது, இனிமேல் பட்டம் விட வேண்டாம் என்று சொன்னேன். “இன்னைக்கு நல்லா விட்டேனா?” என்று மட்டும் கேட்டான். நல்லா விட்ட என்றேன். அது பொய் இல்லை.

அவன் உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டான். கேட்க வேண்டியது எதுவும் அவன் நினைவில் இல்லை. அவனுக்காக நான் கேட்கிறேன். உங்கள் சண்டையில் மிச்சம் இருப்பது இப்போது உன்னிடம் மட்டும்தான். அதை இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. அடுத்த குளிர்காலம் வரை பொறுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். முடிந்தால் அதற்கு முன்பே வரச் சொல்லுங்கள் என்றார்.

வந்தால், என்னைத் தெரிகிறதா என்று மட்டும் அவனைக் கேட்காதே. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறான். உன் பெயரை நீயே சொல்லிக்கொண்டு உள்ளே வா.

நீ நல்லபடியாக நடக்க வேண்டும், வலியில்லாமல் தூங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

துரித்