டர்போவுக்கு ஒரு தோல் வாஷர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டும் முஜாஹித் வேலை முடிந்து வந்தபோது, காருக்கு வேகம் கூட்ட டர்போ கிட் வாங்கியிருந்த மனைவி அலீனாவின் சீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது.

என்னங்க,

தால்ச்சா குக்கர்ல இருக்கு, சோறு ஹாட்பாக்ஸ்ல. காரை டியூனிங் பண்ற கோபி ஆறு மணிக்கு லேப்டாப்போட வருவார். டீ போட்டுக் குடுங்க, சர்க்கரை கம்மியா.

காரைத் தொடாதீங்க. டர்போவைக் கழட்டிட்டேன், ஆயிலும் வடிச்சாச்சு. உங்க மேல நம்பிக்கை இல்ல, சாவி என்கிட்ட இருக்கு.

கழட்டினப்போதான் பார்த்தேன். கிட்ல ஸ்டீல் கேஸ்கட் ஒண்ணு வரலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். அதுக்குப் பதிலா நீங்க தோல்ல வாஷர் வெட்டி வச்சிருக்கீங்க. அடிபம்புல தாங்கும், எக்ஸாஸ்ட் சூட்டுல தாங்குமா? மூணு நாளா கருகின வாசனை. நம்ம ஊர்ல தோல் வாசனை புதுசான்னு நானும் விட்டுட்டேன். டர்போ பூஸ்ட் ஏறல, வண்டி இழுக்கலைன்னு கிட் வித்தவரைப் போன்ல கண்டபடி திட்டினேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டீங்க.

டர்போவே வேணாம், திருப்பி அனுப்பிடலாம்னு நேத்து சொன்னீங்க. அனுப்ப மாட்டேன். ஞாயித்துக்கிழமை இந்தக் கார்லதான் ஏலகிரி ஏறுறோம். ஸ்டீல்ல கேஸ்கட் வெட்டிட்டு வர ராணிப்பேட்டை லேத்துக்குப் போறேன்.

அலீனா

கீழே இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்:

தோல் விஷயத்தை கோபிகிட்ட சொல்ல மாட்டேன்.

துவைக்கப் போட்ட உங்க சட்டைப் பாக்கெட்ல இன்னொரு வாஷர் இருந்தது. ஓட்டையெல்லாம் கச்சிதம், ஒரு நூல்கூட பிசகல. லேத்துக்காரர்கிட்ட அளவுக்கு அதைத்தான் குடுக்கப் போறேன்.