நேர்ந்துவிட்ட மொட்டைக்கழுத்துச் சேவல்

இன்று காலை கோழிக்கூட்டின் முன்னால் நாங்கள் நான்கு பேர் நின்றோம், மைனி. நான், என் வீட்டுக்காரராகிய உங்கள் தம்பி, நிறைவயிற்றோடு உங்கள் மகள், இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்க வந்த பூசாரி. அடைக்கூடையை நான் தூக்கியதும் முட்டையோட்டின் வெதுவெதுப்பான வாசனை வந்தது. உங்கள் சேலைத் தலைப்பில் எப்போதும் இருந்த வாசனை.

நோய்க்குத் தப்பி மிஞ்சிய இரண்டு பெட்டைகளும் இப்போதுதான் அடை கிடந்தன. ஏழு குஞ்சுகள். நான்கிற்குக் கழுத்தில் பூமயிர்கூட இல்லை. உங்கள் கோழிகளின் அதே மொட்டைக்கழுத்து.

பூசாரி குஞ்சுகளைப் பார்க்கவில்லை. சேவலின் காலில் நான் கட்டிய மஞ்சள் சரடைப் பார்த்தார். "இது அம்மைக்கு நேந்ததுல்லா? வாற கொடைக்குக் கொண்டாந்துரணும், கேட்டியளா."

"வேற சேவல் வாங்கித் தாறோம்வே" என்றார் உங்கள் தம்பி.

"மாத்திக் குடுத்தா வாங்கிக்கிட அம்மை என்ன ரேஷன்கடையா நடத்துகா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணவரை இழந்து, களியக்காவிளைக்கு அப்பாலிருந்து நீங்கள் பஸ்ஸில் வந்திறங்கியபோது இடுப்பில் மகள், கையில் ஒரு கூடை, அதற்குள் இந்தக் கோழிகளின் முன்னோர். "என்ன மைனி, தூவல் பிய்ச்ச கோழியக் கொண்டாந்திருக்கிய?" என்று நானும்தான் கேலி செய்தேன். "வளரட்டும், பெறவு பேசு ஏட்டி" என்றீர்கள்.

சேவலுக்குக் காலின் தடிப்பும் நெஞ்சின் அகலமும் பார்ப்பீர்கள். பெட்டையில் எடை பார்க்கவே மாட்டீர்கள். பருந்தின் நிழல் விழும்போது குஞ்சுகளை விட்டு ஓடாமல் நிற்கிறதா என்பது மட்டும்தான். வெள்ளிதோறும் விளக்கேற்றிய பின் குஞ்சுகளைத் தராசில் நிறுத்து நான் கணக்கெழுதினேன். ஒவ்வொரு தலைமுறையும் முந்தியதைவிடக் கனத்தது. ஊரெல்லாம் பண்ணைக்குஞ்சு வாங்கி இனம் கலந்தபோதும் நம் முற்றத்தில் நீங்கள் கலக்கவிடவில்லை.

சென்ற மழையில் கழிச்சல் நோய் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது இந்த ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும். அப்போதுதான் நீங்கள் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். நான் இசக்கியம்மன் நடையில் விழுந்து, "மைனி எழும்பி நடந்தா போதும், இந்தச் சேவல உனக்கு விடுகேன்" என்று நேர்ந்தேன். வீட்டிலிருந்ததில் மேலானது அதுதானே. குறைந்த ஒன்றைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நீங்கள் வீடு வந்தீர்கள். சுவரைப் பிடித்துக் கூடுவரை நடந்தீர்கள். சேவலை மடியில் எடுத்துச் சரடைத் தடவி, "கண்ணுபடாம இருக்கக் கெட்டினியா? நல்ல காரியம். இவன் போனா இனமே போச்சு, மக்கா. பாத்துக்கோ" என்றீர்கள். அது நேர்ச்சைச் சரடு என்று நான் சொல்லுமுன் உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

"அக்காவே போயாச்சு, பெறவு என்ன நேர்ச்சை?" என்கிறார் உங்கள் தம்பி. "அம்மா நடந்தாளே, மாமி. நான் கண்ணால கண்டேனே" என்கிறாள் உங்கள் மகள், வயிற்றில் கைவைத்தபடி. நீங்கள் நடக்க வேண்டும் என்றுதான் நானும் கேட்டேன். வாழ வேண்டும் என்று கேட்க அந்த நேரம் தோன்றவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளைக் காக்கிறவளும் அந்த அம்மைதான், கோபித்தால் அவர்கள் மேலேயே இறங்குகிறவளும் அவள்தான். உங்கள் மகள் முற்றத்தில் கால் தடுக்கினாலே நான் சேவலின் சரடைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

குஞ்சுகளில் சேவல் உண்டா என்று கொண்டை சிவக்கும்வரை தெரியாது. கொடை அதற்கு முன்பே வந்துவிடும். உங்களைப் போல் உள்ளங்கையில் ஏந்திக் காலைத் தடவிப் பார்க்கிறேன். ஏந்தும் விதம் உங்களுடையதாகவே இருக்கிறது. என் விரலுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை.

அம்மையிடம் கேட்க எனக்குப் பயம். அதனால் உங்களிடம் கேட்கிறேன். சேவலை அம்மைக்கு விடட்டுமா, இனத்துக்கு வைக்கட்டுமா? கனவிலானாலும் சரி, கொடைக்குப் பந்தல்கால் நாட்டுமுன் சீக்கிரம் ஒரு பதில் சொல்லிவிடுங்கள், மைனி.