பத்து மைல் கடல்

கார்க், அயர்லாந்து
7.6.2002

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் தங்கச்சி ஏஞ்சலினும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். காதுக்கு எழுதி அனுப்பிய சொட்டு மருந்தை வாங்கினீர்களா? வாங்கியிருக்க மாட்டீர்கள். மோட்டார் இரைச்சலில் போன காது மருந்துக்கு வராது என்பீர்கள். இருந்தாலும் வாங்குங்கள்.

ஒரு செய்தி. கூட வேலை பார்க்கும் நர்ஸ் மேவ் என்னைப் பாய்மரப் படகு கற்றுத்தரும் கிளப்பில் சேர்த்துவிட்டதை எழுதியிருந்தேன். வருகிற 22ஆம் தேதி, சனிக்கிழமை, முதல் தடவையாகத் தனியாக ஓட்டிப் போகிறேன். இன்ஜின் கிடையாது, காற்றும் பாயும்தான். பத்து மைல் தள்ளி கில்மோரன் என்று ஒரு சின்னத் துறைமுக ஊர். போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. தாடிக்கொம்புக் கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி என்னை நீந்தப் பழக்கியவர் நீங்கள்தானே.

ஏஞ்சலினைப் பெண் பார்த்துப் போனவர்கள் என்ன சொன்னார்கள்? அவரும் கேட்கச் சொன்னார்.

அன்பு மகள்,
வினோலியா

உங்கள் மருமகன்,
பெலிக்ஸ்

*

திண்டுக்கல்
18.6.2002

அன்பு மகள் வினோலியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

உன் கடிதம் இன்று மத்தியானம் பட்டறைக்கு வந்தது. ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். படித்து முடித்ததும் எத்தனை சுற்று ஆனது என்பதே மறந்து போய், பிரித்துவிட்டு முதலிலிருந்து சுற்றினேன்.

இது உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். சனிக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கிறது. போய்விட்டு வந்த பிறகுதான் நீ இதைப் படிப்பாய். அது தெரிந்தும் எழுதுகிறேன். போகாதே தாயி.

கிணறு வேறு. எந்தப் பக்கம் கை நீட்டினாலும் சுவர் தட்டுப்படும். மேலே நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷமாக மோட்டார் மாட்டவும் கழற்றவும் கிணறுகளில் இறங்கி ஏறுகிறேன். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் பிணமாகத் தூக்கி வந்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று நீ எழுதியிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளை நலமா? உன்னைத் தனியாக அனுப்ப அவர் எப்படிச் சம்மதித்தார்? அப்துல் சுக்கூர் டெலிபோன் பூத்திலிருந்து ஏஞ்சலின் உன் வீட்டுக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறதாம்.

வடமதுரைக்காரர்களுக்கு ஏஞ்சலினைப் பிடித்துவிட்டது. பையன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். ஜூலை 14 நிச்சயம். பெரிய மகளும் மாப்பிள்ளையும் வருவார்களா என்று கேட்டார்கள். லீவு கிடைப்பது சிரமம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை பட்டறை திறக்க மாட்டேன். காலையிலிருந்து கோயிலில் இருப்பேன்.

அப்பா,
சூசைமுத்து

*

கில்மோரன்
22.6.2002, மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். விரல்கள் குளிரில் விறைத்திருக்கின்றன, எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். கிளம்பும் முன் கிளப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். திரும்பி வராவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு கேள்வி. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் நான் வேலை பார்க்கும் வார்டின் போன் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

முதல் இரண்டு மணி நேரம் சீரான காற்று. கரையோர மேட்டில் மாடுகள் மேய்வது தெரிந்தது. பாறை முனை ஒன்றைத் தாண்டியதும் காற்று திசை மாறிவிட்டது. பாயின் அடியில் கட்டிய குறுக்குக் கட்டை சடாரென்று மறுபக்கம் வீசி என் இடது தோளில் அடித்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. பாயின் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதை விட்டால்தான் காற்று வெளியேறிப் படகு நிமிரும் என்று எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கை விட மறுத்தது. “அப்பா, கயித்த விடுங்க, விடுங்கப்பா” என்று தமிழில் கத்தினேன். நீங்கள் பிடித்திருப்பதாகவே நினைத்துவிட்டேன். அப்புறம் நான்தான் விட்டேன். படகு நிமிர்ந்தது. தகர டப்பாவால் தண்ணீரை இறைத்து இறைத்து வந்து சேர்ந்தேன்.

இந்த ஊர் ஒரே தெருதான். மஞ்சளும் நீலமும் அடித்த வீடுகள், சுவரோரம் அடுக்கிய நண்டு பிடிக்கும் கூடுகள், ஒரு சின்னக் கோயில். தபாலாபீசும் மளிகைக் கடையும் ஒன்றாக இருக்கிறது. கடைக்கார அம்மாள் நனைந்து நின்ற என்னைக் கணப்பருகே உட்கார வைத்துச் சூப் கொடுத்தாள். உன் வீட்டுக்காரர் படகில் இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை, என்னை விட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். வாயிலிருந்து வந்துவிட்டது. முன்பின் தெரியாதவளிடம் சொன்னதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா, பெலிக்ஸ் போன அக்டோபரிலேயே போய்விட்டார். இங்கிலாந்தில் வேறொரு பெண்ணோடு இருக்கிறார். நான் வீட்டைக் காலி செய்துவிட்டு நர்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். கடிதங்களில் அவர் பெயரை நானே எழுதினேன். ஏஞ்சலின் கல்யாணம் என்னால் நின்றுவிடக் கூடாதே என்றுதான்.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. படகை விட்டுவிட்டு பஸ்ஸில் போ என்கிறாள் கடைக்கார அம்மாள். தோளைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் படகிலேயே போகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டுக் கிளம்புகிறேன்.

வினோலியா

*

திண்டுக்கல்
3.7.2002

என் கண்ணான மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கிளம்புகிறேன் என்று முடித்திருக்கிறாய். அதற்கப்புறம் என்ன ஆனது? பதினோரு நாள் ஓடிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு நீ பூத்துக்குப் போடும் போனுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. அன்று மணி அடித்தால்தான் எனக்கு உயிர் வரும்.

அதற்குள் நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெலிக்ஸ் மார்ச் மாதமே எனக்கு எழுதிவிட்டார். அவர் போனதும், அந்தப் பெண்ணைப் பற்றியும், எல்லாம் அதில் இருந்தது. கடிதத்தைப் பட்டறையில் ஒளித்து வைத்தேன். ஏஞ்சலினிடம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளை நலமா என்று உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீயாகச் சொல்லிவிடுவாய் என்று ஒரு மனது. நிச்சயம் முடியும்வரை சொல்லாமல் இருக்கட்டும் என்று இன்னொரு மனது. இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. நீ தனியாகக் கிடக்கிறாய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று ஏஞ்சலினிடம் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். படித்துவிட்டு, “அக்காவ மறைச்சு வச்சு எனக்கு நிச்சயம் வேணாம்ப்பா. போயி உள்ளதச் சொல்லிட்டு வாங்க” என்றாள். காதில் விழவில்லை என்று நினைத்து ஒரு தாளில் எழுதியும் காட்டினாள்.

இன்று காலை வடமதுரைக்குப் போய்ச் சொன்னேன். பையன் எழுந்து உள்ளே போய்விட்டான். அவன் அம்மா, பெரியவளுக்கு இப்படி ஆகியிருக்கும்போது யோசித்துத்தான் செய்ய வேண்டும், சொல்லி அனுப்புகிறோம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நீ கரையேறினாயா தாயி?

அப்பா

*

கார்க்
15.7.2002

அப்பாவுக்கு,

ஏழாம் தேதி ஏஞ்சலினிடம் போனில் சொன்னதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். படகில் போன 22ஆம் தேதி சாயங்காலமே மழையோடு திரும்பிவிட்டேன். தோளில் எலும்பு முறிவு இல்லை. வேலைக்குப் போகிறேன்.

வடமதுரைக்காரர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பியதையும் அவள் சொன்னாள். அழவில்லை. அழுதது நான்தான். எனக்காக எதையும் விட்டுவிடாதே என்றேன். உனக்காக இல்லை, உன்னை மறைத்துவிட்டுப் போனால் அந்த வீட்டில் நான் எப்படி வாயைத் திறப்பேன் என்றாள்.

மூன்றாம் தேதிக் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. இரண்டு நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இன்னும் முழுதாகத் தீரவில்லை. அந்தக் குளிர்காலத்தில், யாருக்கும் தெரியாது என்ற எண்ணம்தான் என்னை அதிகம் வாட்டியது. மார்ச்சில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே அப்பா. பொய் சொன்னவள் உங்களை என்ன கேட்பது என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் ஒரு மாத லீவில் வருகிறேன். தனியாகத்தான் வருவேன். வந்த முதல் ஞாயிறு காலைப் பூசைக்கு நீங்கள் என்னைக் கூட்டிப்போக வேண்டும். பெலிக்ஸின் அப்பாவும் அம்மாவும் அதே கோயிலுக்குத்தான் வருவார்கள், ஊரே வரும். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது மாப்பிள்ளை எங்கே என்று யாராவது கேட்டால், நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மகள்,
வினோலியா